கரண்ட் போனால் கிசுகிசுப்பவர்

குமாரபாளையத்தில் நான் வாடகைக்குப் போன வீட்டை ஒட்டி ஒரு விசைத்தறிப் பட்டறை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, சத்தத்துக்காகச் சண்டை போடவே போனேன். தறி ஓட்டும் அக்கா ஒருவர், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, ஊருக்கே கேட்கும் குரலில் வரவேற்றார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தறிகள் நின்றதும் அவர் கிசுகிசுக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க, இப்ப மெதுவாப் பேசறீங்க?” என்றேன்.

“அந்தப் புள்ளையோட டைரியப் படிச்சதுலிருந்து இப்படி ஆயிருச்சுங்க.”

அவர் மகளுக்குப் பள்ளியில் பரிசாக வந்த புத்தகமாம். போர்க்காலத்தில், பிடித்துப் போக வருபவர்களுக்குப் பயந்து மாடியில் ஒளிந்திருந்த ஒரு சிறுமி எழுதியது.

“பகல் பூரா இருமக்கூடக் கூடாதாமுங்க, கீழ இருக்கறவங்களுக்குக் கேட்டுருமாம். நம்ம பட்டறை மாடியில வந்து ஒளிஞ்சிருந்தா வாய்விட்டுச் சிரிச்சிருக்குமுங்க. இந்தத் தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது?”

கரண்ட் வந்துவிட்டது. “என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று கத்தினார்.

“ஒண்ணுமில்லீங்க” என்று நானும் கத்தினேன்.

அந்தச் சத்தம் இன்றும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் கரண்ட் போனால், டம்ளரைக்கூட ஓசைப்படாமல்தான் கீழே வைக்கிறேன்.