சரிங்க வாத்தியாரின் சண்டை வகுப்பு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடுவார்தான் இல்லை. எதற்கும் "சரிங்க" என்பதால் ஊருக்கே அவர் சரிங்க வாத்தியார். கடைக்காரன் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாலும் சரிங்க. வரிசையில் ஒருவன் குறுக்கே நுழைந்தாலும் சரிங்க. அவரை வாயில்லாப் பூச்சி என்றால் பூச்சிகள் கோபித்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு பேருக்குமான சண்டையை அவர் மனைவி தனி ஆளாகப் போட்டு, தனி ஆளாகவே சமாதானமும் ஆகிவிடுவாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஆட்களைப் பேச வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பிழைப்புத் தேடி வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, நூலக மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு. ரொட்டிக்கடைக்காரர், பஸ் டிரைவர், தையல்கார அம்மா, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண், இன்னும் சிலர். ஆளுக்கொரு தாய்மொழி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மௌனம் மட்டும்தான். வாத்தியார் கேள்வி கேட்டால் மேஜையைப் பார்ப்பார்கள். தப்பாகப் பேசி நாலு பேர் சிரிப்பதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை என்பது அவர்கள் கட்சி.

ஒரு நாள் ரொட்டிக்கடைக்காரர் ஆசையாக ஒரு ரொட்டி கொண்டுவந்து நீட்டினார். வாத்தியார் கடித்தார். கடைவாய்ப்பல் 'கடக்' என்றது. வலியில் தன்னை மறந்து "ஸ்டோன்!" என்றுவிட்டார். மாதக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் துள்ளி எழுந்தார்.

"நோ ஸ்டோன்! மை பிரெட் குட்! யுவர் டீத் ஓல்ட்!"

அதோடு விட்டாரா? மாவு, அடுப்பு, தன் அப்பா, அப்பாவின் அடுப்பு என்று ஆங்கிலத்திலேயே பொரிந்து தள்ளினார். வாத்தியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆனந்தப்பட்டார். தொழிலைக் குறை சொன்னால் ஊமையும் பேசும்!

ஆனால் குறை சொல்லத் தெரிய வேண்டுமே? மனைவியிடமே போய் நின்றார். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடம் எடுத்தாள்.

"எங்கே, இந்தச் சட்டையைத் தச்சவங்களைத் திட்டுங்க பார்ப்போம்."

"இன்னும் கொஞ்சம் நல்லாத் தச்சிருக்கலாம்... மன்னிக்கணும்."

"திட்டும்போது எதுக்குங்க மன்னிப்புக் கேக்குறீங்க? இத்தனை வருஷம் என்கூட இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டீங்க!"

ஒருவழியாகத் தேறினார். டிரைவரிடம், நடந்து போகிறவன்கூட உங்கள் பஸ்ஸை முந்திவிடுகிறான் என்றார். தையல்கார அம்மாவிடம், நீங்கள் தைத்தால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றார். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. தரை துடைக்கும் பெண்ணிடம் மட்டும் அவர் வித்தை பலிக்கவில்லை. ஏன் தரையில் ஒரே அழுக்கு என்று கேட்டால், "யெஸ்" என்று தலையாட்டிவிடுவாள். வாத்தியாரும் விடாமல் தினமும் கேட்டுப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். மாணவர்கள் பேசவில்லை என்றால் வகுப்புக்கு மூடுவிழா. தான் பிறந்து உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இந்த வகுப்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் வாத்தியார். "நாளைக்குப் பெரியவர் வருகிறார், வழக்கம்போலப் பேசுங்கள்" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அதிகாரி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் ரொட்டி கல் என்று ரொட்டிக்கடைக்காரரிடம் ஆரம்பித்தார்.

அவர் எழுந்து கைகட்டி நின்றார். "யெஸ் சார். ஸ்டோன் சார்."

வாத்தியார் டிரைவரிடம் தாவினார். "யெஸ் சார். வெரி ஸ்லோ சார்." தையல்கார அம்மா, தன் ஆயுளில் ஒரு சட்டையைக்கூட ஒழுங்காகத் தைத்ததில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாடிப்படி இறங்கும்போதே அவர்கள் தங்கள் அரைகுறை ஆங்கிலத்திலேயே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அத்தனை பேர் நாட்டிலும் ஒரு வழக்கம் அச்சாக ஒன்றுபோல இருந்தது: மேலதிகாரி முன்னால் நம்ம ஆளை எதிர்த்துப் பேசி அவர் மானத்தை வாங்கக் கூடாது. பாவிகள், அன்பாகவே குழி தோண்டியிருந்தார்கள்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் ஆசிரியரே இல்லை. உழைத்துக் களைத்து வருகிற உங்களை அவமானப்படுத்துகிறார். இந்த வகுப்பு இன்றோடு முடிந்தது.

"சரிங்க" என்றார் வாத்தியார்.

ரொட்டிக்கடைக்காரர் மேஜையில் ஓங்கி அடித்தார். "ஒன்லி ஹி இன்சல்ட் மீ! யூ நோ இன்சல்ட் ஹிம்!" டிரைவர் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "நோபடி கோ!" தையல்கார அம்மா அதிகாரியின் கோட்டைப் பிடித்து இழுத்துக் காட்டி, "ஹூ ஸ்டிச் திஸ்? பேட்! வெரி பேட்!" என்று ஊரைக் கூட்டினாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"யூ சிட்!"

சொன்னவள் தரை துடைக்கும் பெண். அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

"ஹாஸ்பிடல், ஆல் பீப்பிள் வாக் மை ஃப்ளோர். நோ லுக். நோ டாக். திஸ் மேன், எவ்ரி டே ஆஸ்க் மீ. ஐ சே ஒன்லி யெஸ். நெக்ஸ்ட் டே, அகெய்ன் ஆஸ்க் மீ." அதிகாரி பக்கம் விரலை நீட்டினாள். "யூ க்ளோஸ் கிளாஸ், ஹூ ஆஸ்க் மீ?"

அதிகாரி மெல்ல எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "நல்லாத்தான் பேசுறாங்க. வகுப்பு நடக்கட்டும்" என்று வாத்தியார் காதில் சொல்லிவிட்டு, டிரைவர் வழிவிட்டதும் வேகவேகமாகப் படியிறங்கினார்.

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தனக்காக ஒருவர் சண்டை போட்டு அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கண் கலங்கி, மூக்கு சிவந்து, உதடு துடித்தது. அதைப் பார்த்து எல்லோரும் பயந்துபோனார்கள். தரை துடைக்கும் பெண் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"டீச்சர், வீ ஸ்பீக் பேட்?"

பதில் சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை.