ஈரச் சுமை

லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற மேடையில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் எடைமேடை அக்கா. பேரன் பேத்தி எடுத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை அன்பால் வந்ததில்லை, பயத்தால் வந்தது. பின்சக்கரம் மேடைக்கு வெளியே நாலு விரற்கடை நின்றாலும் ஜன்னல் வழியாகக் குரல் வந்துவிடும். காலி வண்டியை எடை போடும்போது கீழே இறங்கி நின்றுவிட்டு, சுமை வண்டியில் மட்டும் நைசாக ஏறி உட்கார்ந்துகொள்ளும் புத்திசாலிகள் உண்டு. அத்தனை பேரையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது ஈர மணல். கழுவிய மணலைச் சொட்டச் சொட்ட அள்ளிக்கொண்டு வந்து, தண்ணீருக்கும் சேர்த்து எடைச்சீட்டு வாங்கிப் போக ஒரு கூட்டமே அலைந்தது. அவள் கேபினிலிருந்து இறங்கி வந்து பின்கதவின் அடியில் கையை வைத்துப் பார்ப்பாள். விரல் நனைந்தால் வண்டி ஓரமாகப் போய் நிற்க வேண்டும், சொட்டு நிற்கும் வரை சீட்டு கிடையாது.

"காலைல ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடைன்னு காட்டினா அது சரக்கு இல்ல, தண்ணி" என்பாள். "மணல் ராத்திரியோட ராத்திரியா குட்டி போடாது."

இப்பேர்ப்பட்டவளிடம்தான் எல்லோரும் ஒன்று சேர்ந்து, நீ குண்டாகிவிட்டாய் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மூத்தவளுக்கு ஆறு வயது. முதல் பிரசவத்துக்குப் பிறகு ஐந்தாறு கிலோ உடம்போடு தங்கிவிட்டது, அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை நடந்தது வேறு. பிரசவம் ஆனதும் இளைத்துக்கொண்டுதான் வந்தாள். மூன்று மாதம் கழித்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஏற ஆரம்பித்தது. கேபினுக்கு ஐந்தே படி. மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதி இரண்டை ஏறினாள்.

"அக்கா, இன்னைக்கு நீங்க மேடையில நில்லுங்க, நாங்க எடை போட்டுச் சொல்றோம்" என்றான் ஸ்டெப்னி என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவர். அவனுடைய வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். ஆம்பளை வயிறு எந்தக் கணக்கிலும் வராது போலிருக்கிறது.

"இது இருபது கிலோவுக்குக் கீழ இருந்தா காட்டாதுடா" என்றாள். "உன் மூளைய வெச்சுப் பாரு, நம்பர் அசையவே அசையாது."

வாய் இருந்தது, பிழைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போனால் நாத்தனார் இருந்தாள். புருஷனின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. வாரத்துக்கு மூன்று நாள் வந்து, உள்ளே காலை வைத்ததும் தம்பி பெண்டாட்டியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். கறிகாய் வாங்கும்போதுகூட அவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.

"எனக்கும் ரெண்டு பொறந்துச்சு. நான் இப்படியா ஆனேன்?" என்பாள்.

அவள் இப்படி ஆகவில்லை, வேறு மாதிரி ஆகியிருந்தாள். அதை யார் சொல்வது? புருஷன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறவன், செம்புக் கம்பியை வளையம் வளையமாகச் சுற்றுகிற பொறுமைசாலி. அந்தப் பொறுமை அக்காவின் முன்னால் இன்னும் கூடிவிடும். "ஒரு தடவை டாக்டரைப் பாத்துடேன்" என்றான். அவளுக்கும் அது சரியென்று பட்டது. மூச்சு வாங்குவது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கிறாள்.

தெருமுனை கிளினிக்கில் எடைக்கருவியைக் கால்மிதியின் மேல் வைத்திருந்தார்கள். தொழில் புத்தி சும்மா விடவில்லை. "சிஸ்டர், மெத்துமெத்துன்னு இருக்கறது மேல வெச்சா சரியா காட்டாது. தரையில வைங்க" என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குறைச்சலா காட்டினா சந்தோஷப்பட்டுக்கங்க" என்றாள். அறைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நர்ஸ் எழுதிக் கொடுத்த எண்ணைத்தான் பார்த்தார். எண்பத்திரண்டு.

"சாப்பாட்டைக் குறைங்க. நடங்க."

"நடந்தா மூச்சு வாங்குது டாக்டர்."

"வெயிட் இருந்தா வாங்கத்தான் செய்யும்."

"சாயங்காலம் கால் வீங்குது. செருப்பு நுழைய மாட்டேங்குது."

"இவ்வளவு வெயிட்டையும் அந்தக் கால்தானே தாங்குது?"

"மல்லாந்து படுக்க முடியல. மூணு தலகாணி வெச்சு உக்காந்த மாதிரி தூங்கறேன்."

"கைக்குழந்தை இருக்குல்ல? அப்படித்தான் இருக்கும். வெயிட் குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்."

எதைக் கேட்டாலும் அந்த மனிதரிடம் ஒரே பதில்தான். அவள் தலையில் செங்கல் விழுந்து ரத்தம் ஒழுக ஒழுகப் போயிருந்தாலும், உடம்பு பெருத்திருந்ததால்தான் செங்கல் குறி தவறாமல் விழுந்தது என்று சொல்லி அனுப்பியிருப்பார். படிப்பு அத்தனை வருஷம், பார்வை அரை நிமிஷம். நெஞ்சில் ஒரு குழாயை வைத்துப் பார்க்கவும் அவருக்குக் கை எழவில்லை. அந்தக் குழாய் கழுத்தில் அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கு அந்த டாக்டர் போதவில்லை. உணவு ஆலோசகர் ஒருத்தி இருக்கிறாளாம், கண்ணாடி அறையாம், ஏசியாம், போனவர்கள் எல்லாம் ஒல்லிக்குச்சியாகத் திரும்பி வருகிறார்களாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆலோசகர் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தாள். காலையில் ஓட்ஸ், மதியம் அவித்த காய், ராத்திரி வெள்ளரிக்காய். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் கையிலும் அதே தாள். பக்கத்தில் மூட்டுவலிக்காரக் கிழவர், அவர் கையிலும் அதேதான். பால் கொடுக்கிறவளும் வெள்ளரிக்காய்தான் தின்ன வேண்டுமா என்று கேட்டதற்கு, "மனசு வெச்சா முடியும்" என்று சிரித்தாள்.

மனசை வைத்தாள். பத்து நாள் வெள்ளரிக்காயைக் கடித்தாள். மூத்த பெண் மீதி வைத்த தட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கழுவினாள். பதினோராம் நாள் கண்ணாடி அறையில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ கூடியிருந்தது.

ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "உண்மையைச் சொல்லுங்க. ஒளிச்சு வெச்சு என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"எடை பொய் சொல்லாதுங்க. ஆளுங்கதான் பொய் சொல்லுவாங்க."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். எடைமேடை அக்காவுக்கு முகம் பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாக இதே வாக்கியத்தை அவள்தான் திருட்டு டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று அதே சொல்லால் அவளைத் திருடி ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. இந்தக் கண்ணாடி அறையிலா அழுவது என்று ரோஷம் வந்து, எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து தன்னையே சரக்காக எடை போட ஆரம்பித்தாள்.

எடைமேடைக்குப் பக்கத்தில் சிமெண்ட் குடோன். அங்கே மூட்டைகளை நிறுக்கும் தராசு, நூறு கிராம் வரை சுத்தமாகக் காட்டும். காலையில் வேலைக்குள் நுழையும் முன் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும் முன் ஒரு தடவை. செருப்பில்லாமல், சாப்பாட்டுப் பையில்லாமல், ஒரே எடையுள்ள இரண்டு சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு ஏறி நின்றாள். குடோன் ஆட்கள் இரண்டு நாள் கேலி செய்தார்கள், மூன்றாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்கள். பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். காலையில் எண்பத்து நாலு, சாயங்காலம் எண்பத்தைந்தே கால். மறுநாள் காலை எண்பத்து நாலரை, சாயங்காலம் எண்பத்தாறு. இறங்கினது கொஞ்சம், ஏறினது நிறைய. ஒன்பது நாளில் ஐந்து கிலோ.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கேபினில் உட்கார்ந்து சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். இப்படி ஏறி இறங்குகிற ஒரே ஒரு சரக்கைத்தான் அவளுக்குத் தெரியும். குனிய முடியாமல் குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி அப்படியே நின்றது. இருபது எண்ணும் வரை மூடவில்லை.

சதை இல்லை, தண்ணீர். உடம்புக்குள் எங்கேயோ வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் நிற்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளரிக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

அவளுக்குப் பயத்தோடு ஆத்திரமும் வந்தது. அங்கிருந்து நேரே கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் சீட்டுகளைத் தொடவே இல்லை. "தினம் ரெண்டு தடவை எடை பாக்கறதே ஒரு வியாதிம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் வாசலில் வந்து நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி டாக்டரின் மேஜைமேல், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"நான் மனசைப் பத்திப் பேசல டாக்டர். இதைப் பாருங்க." அழுத்தி எடுத்தாள். "எத்தனை வெள்ளரிக்காய் தின்னா இந்தக் குழி மூடும்?"

டாக்டர் குழியைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய குழாய்க்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. முதுகில் வைத்துக் கேட்டார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், கேட்கக் கேட்க முகம் சுண்டிப்போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"இன்னைக்கே போங்க. இப்பவே போங்க" என்றார். பிறகு, அவருக்கு அந்த நாக்கு எப்படித்தான் வந்ததோ, "இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சில பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இருதயத்தின் தசை தளர்ந்துபோகுமாம். ஒவ்வொரு துடிப்பிலும் பாதிக்கு மேல் ரத்தத்தை வெளியே தள்ள வேண்டிய இருதயம் கால் பங்கைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. வடியாத தண்ணீர் காலில், வயிற்றில், நுரையீரலில் தேங்கி நின்றது. அங்கே இருந்த டாக்டரம்மா மட்டும் எடைச்சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா உங்களைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க" என்றாள். "மாத்திரையில தேறலாம். நிறையப் பேர் தேறியிருக்காங்க. ஆனா நிறுத்தக் கூடாது. இன்னொரு குழந்தை பெத்துக்கறதை மறந்துடுங்க."

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்று தலகாணியை அடுக்கிக் கொடுத்தவன் அவன்தான். ஏன் மூன்று என்று ஒரு நாளாவது கேட்டானா?

எட்டு நாளில் தண்ணீர் இறங்கியது. பதினைந்து கிலோ. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, ஜாக்கெட் தொளதொளவென்று வீடு வந்து சேர்ந்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, வாயைப் பிளந்தார்கள். ஸ்டெப்னி போன் பண்ணி, "அக்கா, ஆளே மாறிட்டீங்களாமே, என்ன பண்ணினீங்க?" என்றான். கண்ணாடி அறைக்காரிகூட யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தான் கொடுத்த தாள் வேலை செய்துவிட்டது என்று நாத்தனாரிடம் பெருமைப்பட்டுக்கொண்டாளாம். உயிர் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை கிலோ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நாத்தனார் நாலாம் நாள் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், மேலும் கீழும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் பொறாமை இருந்தது.

"கொடுத்து வெச்சவடி நீ" என்றாள். பிறகு தலைமாட்டில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, போனைத் தூக்கிப் படம் பிடிக்கப் போனாள். "இதானே தண்ணியை இறக்கற மாத்திரை? நானும் ஒரு மாசம் போட்டுப் பாக்கறேன். அடுத்த மாசம் ஒரு கல்யாணம் இருக்கு."

அட்டையைப் பிடுங்கிக்கொள்ள அவள் கை நீண்டது. அந்த அளவுக்கு எழுந்ததிலேயே மூச்சு இரைத்தது. இரைப்பு அடங்கும் வரை நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விட முடியலன்னு மாசக்கணக்கா சொன்னேன் அண்ணி, உங்க யாரு காதுலயும் ஏறல" என்றாள். "நெஞ்சு பாழாப்போயி பதினஞ்சு கிலோ குறைஞ்சதும் கொடுத்து வெச்சவ ஆயிட்டேனா?"

நாத்தனார் போனை இறக்கி, அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அவளுக்கும் உறைத்துவிட்டது என்றுதான் எடைமேடை அக்கா பேதைத்தனமாக நினைத்தாள்.

"சரி, கோவிச்சுக்காதே" என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாம, வெயிட்டுக்கு மட்டும் வேற மாத்திரை இருக்கான்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்றியா?"