மேகம் மூடிய இரவுக்கு மறுநாள்

விடிவதற்கு முன்பே டோரீன் ஹல்வர்சன், பனிச்சறுக்க வருபவர்கள் தங்கும் குடிலுக்கு வெளியே நின்று பனியை உதைத்துக்கொண்டிருப்பார். கால்விரல் வலித்தால் முகம் மலரும். பனி உறைந்திருக்கிறது, மலையேறலாம். கால் உள்ளே இறங்கினால் அன்றைக்கு மலை கிடையாது. வெயில் பட்டதும் உறையாத ஈரப்பனி மொத்தமாகப் பெயர்ந்து ஆளைப் புதைத்துவிடும்.

வயது ஐம்பத்தேழு. செல்கர்க் மலைகளில் முப்பத்தொரு வருடமாகப் பனிச்சறுக்கு வழிகாட்டி. மூக்கில் எப்போதும் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு, சட்டைப்பையில் ஆறிப்போன பான்கேக். "மத்தியானம் சரிவுல நிக்கிறவன் ஒண்ணு முட்டாள், இல்ல அதிர்ஷ்டக்காரன். ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறதில்ல" என்பார்.

குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அந்தக் குடிலில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

போன சனிக்கிழமை, கால்கரி நகரத்திலிருந்து விருந்தாளிகளாக வந்த நால்வருக்கு அதுதான் கடைசி நாள். காலைச் சாப்பாட்டு மேசையருகே வந்து நின்றான் குடிலின் முதலாளி கிரெக். டோரீனைவிட இருபது வயது இளையவன்.

"ராத்திரி மைனஸ் ரெண்டு, டோரீன். நல்லா உறைஞ்சிருக்கும். வடக்குச் சரிவுக்குக் கிளம்புங்க."

"தெர்மாமீட்டர் காத்தைத்தான் பார்க்கும். ராத்திரி பூரா மேகம் மூடிக் கிடந்து சூட்டை வெளிய விடல, பனி உறையவே இல்ல. முட்டி வரைக்கும் கால் போகுது. வந்து பாரு."

அவன் வந்து பார்க்கவில்லை. "இவங்க ஒரு வருஷமா காத்திருந்து வந்திருக்காங்க. நீங்க வரலைன்னா நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? ஆனாலும் டோரீனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. நால்வரையும் பார்த்தார்.

"ஒருத்தர் வேண்டாம்னா எல்லாரும் நிக்கணும்னு தலையாட்டினீங்கல்ல? நான் சொல்றேன், வேண்டாம்."

"அந்த விதி விருந்தாளிங்களுக்கு," என்றான் கிரெக். "நீங்க சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க."

டோரீன் குடிலின் பெயர் தைத்த சிவப்பு மேலங்கியைக் கழற்றி, மடித்து, அவன் கையில் வைத்தார். நால்வருக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நானும் விருந்தாளிதான். வேண்டாம்."