நஞ்சன்கூட்டில் ஆற்றில் விழுந்த மாமாவின் போன்

நவம்பரில் என் மனைவிக்கு மைசூரில் ஐந்து நாள் அலுவலகப் பயிற்சி. வார இறுதியில் நானும் வருகிறேன் என்றதும், "அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, வீட்ல தனியா இருக்காரு" என்றாள். மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எங்களுக்குள் "சாப்டீங்களா", "மழையுங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. ஈரோட்டில் இரவு ரயில் ஏறி, காலை ஏழு மணி வாக்கில் மைசூரில் இறங்கினோம்.

மனைவி பயிற்சி முடிந்து மாலைதான் வருவாள். அதனால் நாங்கள் இருவர் மட்டும் நஞ்சன்கூடு பஸ் ஏறினோம். இருபத்து நான்கு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கினோம்.

படித்துறையில் ஒரு வாலாட்டிக் குருவி கத்திக்கொண்டிருந்தது. மாமா போனை நீட்டியபடி மெல்ல ஒரு படி இறங்கினார். படியில் பாசி. கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அடி இல்லை. ஆனால் போன் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் பேன்ட்டோடு இறங்கி, முழங்கால் ஆழத்தில் துழாவி எடுத்தேன். திரையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. உடனே அணைத்தேன். உறையைக் கழற்றி, சிம்மை வெளியே எடுத்து, மாமாவின் துண்டால் துடைத்தேன்.

பூ விற்ற அம்மா ஓடிவந்து, "அக்கியொளகே ஹாகி சார்" என்றார். அரிசிக்குள் போடச் சொல்கிறார். மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு வேறு அவசரம்.

"ஒருக்கா அமுக்கிப் பாத்துரலாமுங்க மாப்ள, உசுரு இருக்குதான்னு."

"வேண்டாம் மாமா. ஈரத்தோட கரண்ட் ஓடுனாத்தான் உசுரு போகும்."

திரும்பும் பஸ்ஸில் அவர் கை சும்மாயிருக்கவில்லை. போனை நான் என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். "முக்கியமான போட்டோ ஏதாவது இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"போட்டோ இல்லீங்க. குருவிச் சத்தமுங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து விடிகாலையில் வாய்க்கால் பக்கம் போய்ப் பறவைகளின் குரலைப் பதிந்து வருகிறாராம். முந்நூறுக்கு மேல் இருக்குமாம்.

"வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எப்படி எடுக்கறதுன்னு தெரியலீங்க. உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன். நீங்க வேலையா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அந்தப் பஸ் மெதுவாகப் போவதாகவே எனக்குத் தோன்றியது.

தேவராஜ அர்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மொபைல் பழுது பார்க்கும் கடை கிடைத்தது. உரிமையாளர் அனிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினார். அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்த ரயில்வேக்காரராம்.

"நனைஞ்சப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"சார்ஜ்?"

"இல்லை."

"ஒள்ளேது, நல்லதாப் போச்சு. ஆத்துத் தண்ணிதானே, உப்பில்ல, சான்ஸ் இருக்கு. ஆனா கேரண்டி கொடுக்க மாட்டேன் அங்கிள். தெறந்து, பேட்டரிய எடுத்துட்டு, போர்டை க்ளீன் பண்ணி ஒணத்தணும். மூணு அவர் கழிச்சு பன்னி."

மாமாவின் முகம் சுருங்கியது. "என்னங்க, பன்னிங்குது இந்தப் புள்ள!" என்று என் காதில் கிசுகிசுத்தார். கன்னடத்தில் 'வாங்க' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கியதும், அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அந்த மூன்று மணி நேரத்தைக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கழித்தோம். ஊருக்குள்ளேயே இருக்கும் ஏரி, நடக்க நல்ல நிழல். மரத்துக்கு மரம் நின்று, இது இன்ன பறவை என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். என் போனை நீட்டி, "இதுல பதிவு பண்ணுங்க மாமா" என்றேன். "இருக்கட்டுமுங்க. இன்னைக்குச் சும்மா கேக்கறேன்" என்றார். ஆனாலும் கை அடிக்கடி வெறும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

கடைக்குத் திரும்பியபோது அனிதா வேறொரு திரையை ஒயரில் மாட்டி வைத்திருந்தார். "டிஸ்ப்ளே போச்சு அங்கிள். போர்டு உயிரோட இருக்கு. பாஸ்வேர்ட் போடுங்க." மாமா ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் போட்டார். பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. சரியாக இருக்கிறதா என்று பார்க்க அனிதா ஒன்றை ஓடவிட்டார்.

முதலில் மாமாவின் குரல்தான் வந்தது. "இது செம்போத்துங்க. வாய்க்கா மேட்டுல இருக்குதுங்க. இன்னும் வெயில் ஏறலீங்க." அப்புறம் கூப், கூப், கூப் என்று கடை முழுக்கச் செம்போத்து.

"யாருக்கு அங்கிள் சொல்றீங்க?" என்று கேட்டார் அனிதா.

"கேக்கறவங்களுக்குங்க" என்றார் மாமா. "இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க."

சார்ஜர் வாங்க வந்து நின்றிருந்த ஒருவர், "இன்னொந்து ஹாகி" என்றார், இன்னொன்று போடச் சொல்லி. போட்டோம். பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் என் போனுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. புதுத்திரையும் கூலியும் சேர்த்து 2,200 ரூபாய்.

நீங்கள் போகிறீர்கள் என்றால்: நஞ்சன்கூடு படித்துறையில் கீழ்ப்படிகள் வழுக்கும், செருப்பில்லாமல் இறங்கினாலும் கவனம் தேவை. போன் நனைந்தால் முதலில் அணையுங்கள். ஆசைக்குக்கூட மறுபடி ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். அரிசியைச் சமையலுக்கு விட்டுவிட்டு, அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யும் கடைக்குக் கொண்டுபோங்கள். போனில் இருப்பதற்கு இன்னோர் இடத்திலும் நகல் இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது போனை நீட்டிக்கொண்டு தனியாக நின்றால், அதில் என்ன பதிகிறார்கள் என்று அது நனைவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.