பீரோ சாவிக்காக ஒரு பயணம்

காலை ஒன்பதரைக்கு மேனாம்பேட்டிலிருந்து செம்பரம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். ஏரி பார்க்க அல்ல, ஒரு பீரோ சாவி வாங்கிவர. கீழ்வீட்டு தேவிக்கு இரண்டு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூ. பிள்ளை பிறந்தபின் அவள் தேடும் முதல் வேலை. டிப்ளமோ அசல் சான்றிதழ் பீரோவுக்குள் இருக்கிறது. சாவியோ கணவன் குமாரின் சட்டைப்பையில், செம்பரம்பாக்கம் கிடங்கில்.

"டூப்ளிகேட் சாவி இல்லையா?"

"அது பத்ரமா பீரோ லாக்கர்லதான் கீதுண்ணா," என்றாள். அழுகிறவள் முன்னால் சிரிக்கவா முடியும்? அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோ, உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தையோடு அலையவும் முடியாது. வீட்டிலிருந்தே பிரெஞ்சு, ஜெர்மன் மொழிபெயர்க்கும் என்னைத்தான் தெரு வெட்டி ஆபீசர் என்கிறதே, நானே கிளம்பினேன்.

ஆவடி வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே பூந்தமல்லி சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பீரோ என்பது பிரெஞ்சுச் சொல், முதலில் மேஜைமேல் விரித்த முரட்டுத் துணியின் பெயர் என்று டிரைவரிடம் அளந்தேன்.

"கரீக்ட்தான் நைனா. எங்க ஊட்டு பீரோலயும் துணி மட்டும்தான் கீது!"

பதினொன்றரைக்கு கிடங்கு வாசல். குமார் ஓடிவந்து சாவியை நீட்டினான். "லோடு ஏறிகினு கீது, என்னால நவுர முடியல. தப்பு எம்மேலதான், அவள அழ வாணாம்னு சொல்லுண்ணா."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பீரோ என்ற அந்த முரட்டுத் துணி பிரெஞ்சில் மேஜையாகி, மேஜை போட்ட அறையுமாகி, ஜெர்மனில் ஆபீஸாக நின்றுவிட்டது. மெக்ஸிகோவின் ஸ்பானிஷில் கட்டிலோரச் சின்ன அலமாரி. நம்மிடம் வந்துதான் இரும்பாகிப் பூட்டும் போட்டுக்கொண்டது. பஸ்ஸோ பருத்திப்பட்டு நெரிசலில் இருபது நிமிடம் நகரவில்லை. சொல்லாராய்ச்சியை விட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று இருபதுக்கு வீடு. தேவி பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து சான்றிதழை உருவினாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

நாலரைக்கு போன் வந்தது. "திங்கக்கெழமைலேந்து வரச் சொல்ட்டாங்கண்ணா!" அடுத்த மூச்சில், "புள்ள பால் குட்ச்சானா? நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆச்சு என்றேன். கண் கலங்கிவிட்டது. குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிச் சிரித்தது.