விருந்தாளி என்று நினைத்த மாத்திரை

“…நோவு போயி ஒரு வருஷம் ஆவுது, மாத்திரை மட்டும் விருந்தாளியாட்டம் வூட்டுலயே குந்திக்கினு இருக்குதே” என்றாள் என் மனைவி செல்வி.

அவளுக்குக் குரோன் நோய். குடலில் புண் வந்து வந்து போகும். நன்றாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கல்வராயன் மலையில் கடுக்காய் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் விற்பவன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு வந்தாலும் நாலு பேரிடம் சொல்லி மகிழ்வேன். இதையும் டீக்கடையில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து, “விருந்தாளிய அனுப்பிடு. நம்ம மலைக் கடுக்காய விடவா அது ஒசத்தி?” என்று சொல்லி, மாத்திரையை நிறுத்த வைத்து, தினமும் கடுக்காய்ப் பொடி கலக்கிக் கொடுத்தேன்.

நான்காம் மாதம் வயிறு உப்பி, வாந்தி நிற்காமல் சுருண்டு விழுந்தாள். புண் முற்றிக் குடல் அடைத்துவிட்டதாம். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். “நோவு வராம பாத்துக்கினதே அந்த மாத்திரைதாங்க” என்றார் டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது எந்தச் சந்தேகத்தையும் டீக்கடைக்குக் கொண்டுபோவதில்லை. சீட்டில் எழுதி வைத்து டாக்டரிடமே கேட்கிறேன். போன வாரம் செல்வி மறுபடியும், “இன்னும் எத்தினி வருஷங்க இத முழுங்குறது?” என்றாள்.

“டாக்டரக் கேப்போம். அதுவரைக்கும் நிறுத்த வேணாம்” என்றேன்.

“இந்தப் பேச்ச அன்னிக்கே பேசியிருக்கலாமே” என்றாள். குரலில் கோபமில்லை. தழும்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள்.