மொட்டையடித்த கரை

மலாக்கா டவுனுக்கு வெளியே, காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை. அதன் குறுக்கே மண்ணைக் கொட்டி மிதித்து ஒரு கரை எழுப்பியிருந்தார்கள். நாற்பது அடி எடுத்து வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். நடுவில் ஒரு மரப்பலகை. தூக்கினால் கீழே இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர், இறக்கினால் பிள்ளைகளுக்குக் குளம். வாரத்தில் ஆறு நாள் அது வயல்காரர்களுடையது, ஞாயிறு மட்டும் பிள்ளைகளுடையது.

ஞாயிறு என்றால் கிளேபாங்கிலிருந்துகூட சைக்கிளில் வந்து இறங்குவார்கள். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால், அது உப்புத் தண்ணீர் என்பார்கள். பெண்கள் நாங்கள் துணி துவைக்கும் சாக்கில் போய் முழங்கால் வரை இறங்கி நிற்போம். கரையில் உட்கார்ந்து நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் அது நாலு கை மாறித்தான் நம்மிடம் திரும்பும். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் குளிர்ந்துபோகிறது.

நான் கல்யாணமாகி வந்த புதிது. அதற்கு முன் பத்து வருடம் ரப்பர் தோட்டத்தில் புல் பிடுங்கியவள். மரத்தடியில் ஒரு புல் தலைகாட்டினாலும் வேலை வாங்கும் மண்டோர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். ஆகவே சுத்தம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான், மண் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரரும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் வீடு கரைக்குப் பக்கம் என்பதால், காலையில் டவுனுக்கு வேலைக்குப் போகும் முன் பலகையைத் தூக்கிவிடுவது அவர் பொறுப்பு.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மா இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வம்சம். கோயிலில் எங்களோடு நின்று கும்பிடுவார், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். பீபி என்று கூப்பிடுவோம். கரைக்குக் கீழே முதல் வயல் அவருடையது. அந்த வயல் விளைந்தால்தான் அவர் வீட்டில் வருடத்துக்குச் சோறு.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே அமர்க்களப்பட்டது. வேலிக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. நம் கரை மட்டும் புதர் மண்டிக் கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக்காரி என்று மூக்கைச் சுளித்த டவுன்காரிகளுக்கு நான் யார் என்று காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு நாள் வெயிலில் குந்தி உட்கார்ந்து, லாலாங் புல்லை வேரோடு பிடுங்கினேன். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கரை புதிதாக மொட்டையடித்த தலை மாதிரி பளபளத்தது. என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மண்டோர் இப்போது வந்து பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொண்டாட்டம் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கரையின் நடுப்பகுதியே இல்லை. பீபியின் நாற்று முழுவதும் சேற்றுக்கு அடியில் போயிருந்தது. இரண்டு ஓரமும் அப்படியே நின்றன. நான் பிடுங்காமல் விட்ட இடங்கள். புல்லின் வேர்தான் அந்த மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயல்காரர்கள் கூடிப் பேசினார்கள். பிள்ளைகள் ஏறி ஏறிச் சறுக்கியதால்தான் கரை உடைந்தது என்று முடிவாயிற்று. இனிமேல் குளமே வேண்டாம், ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டால் போதும், ஞாயிறு அன்று ஒரு பிள்ளையும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். நான் அங்கேதான் நின்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. தோளில் துண்டோடு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து, உடைப்பைப் பார்த்து, பெரியவர்கள் விரட்டியதும் திரும்பிப் போனார்கள். ஒருவன்கூட எதிர்த்துப் பேசவில்லை. சறுக்கியது உண்மைதானே, தப்பு தங்களுடையதுதான் என்று நம்பிவிட்டார்கள், பாவம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே பீபி வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், புல்லைப் பிடுங்கியது நான், கரை போனது என்னால், பிள்ளைகளால் இல்லை என்று சொல்லிவிட்டேன். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

பீபி வெற்றிலையைக் கீழே வைத்தார். புல்லை எடுத்தால் கரை நிற்காது என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். நான் பிடுங்கிய இரண்டு நாளும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். பிறகு மெதுவாக மலாயில் சொன்னார்:

“ரொம்ப அழகா இருந்துச்சு. சுதந்திரத்துக்கு நம்ம கரையும் புதுசா இருக்கட்டுமேன்னு எனக்கும் ஆசை. அதான் வேண்டாம்னு சொல்ல மனசு வரல.”

தோட்டத்தில் பத்து வருடத்தில் யாரும் என் வேலையை அழகு என்று சொன்னதில்லை. சொன்னவருக்கோ அந்த வேலையால் வயலே போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கால்வாய்க்கு அளவெடுக்க வயல்காரர்கள் வந்தார்கள். பீபி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் போகிறார், அதுதான் நியாயமும்கூட என்று நினைத்தேன்.

“பிள்ளைங்க மேல தப்பு இல்ல,” என்றார். “கரையைக் கெடுத்தது நாங்க ரெண்டு பேரும்.”